உலக்கையோடு வாசலுக்கு வந்த பெண்கள்

அவையோருக்கு வணக்கம். ஆப்பிரிக்கப் பெண்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அது ஒரு கண்டம். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை ஒரே மூட்டையாகக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் தென்கிழக்கு நைஜீரியாவில் இக்போ மக்கள் வாழும் பகுதிக்கு மட்டும் போவோம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ‘ஒருவன் மேல் உட்காருவது’ என்று அதைச் சொல்வார்கள். பெண்டாட்டியை அடிக்கிறவன், பெண்கள் வகுத்த சந்தை விதியை மீறுகிறவன், பெண்கள் வைத்த பயிரில் தன் மாட்டை மேயவிடுகிறவன், இப்படி யாராவது இருந்தால் ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அப்புறம் அவன் வாசலுக்குப் போவார்கள். அவன் செய்ததையெல்லாம் பாட்டாகக் கட்டிப் பாடி, விடிய விடிய ஆடுவார்கள். கிழங்கு இடிக்கிற உலக்கையால் சுவரைத் தட்டுவார்கள். அவன் வீம்பு பிடித்தால் கூரையும் போகும். தப்பை ஒப்புக்கொண்டு, இனி செய்யமாட்டேன் என்று சொல்லும்வரை விடமாட்டார்கள். மற்ற ஆண்கள் குறுக்கே வரமாட்டார்கள். இது ஊர் ஏற்றுக்கொண்ட நியாயம்.

வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களுக்கும் பிறந்த வீட்டில் பிடி விட்டுப்போகவில்லை. அவர்களை ‘உமுஅடா’ என்பார்கள். குடும்பத் தகராறு, சாவு என்றால் திரும்பி வருவார்கள்; அவர்கள் பேச்சுக்கு மரியாதை உண்டு.

சரி, வெள்ளைக்காரன் வந்தான். ஊருக்கு ஒரு தலைவன் இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்தான். இக்போ ஊர்கள் பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு ராஜா கிடையாது; கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். அதனால் ஆணைப் பத்திரம் கொடுத்து ஆட்களைத் தலைவர்களாக்கினான். பெண்களின் கூட்டங்கள் அவன் கண்ணிலேயே படவில்லை. என்னைக் கேட்டால், பின்னால் நடந்த துயரத்துக்கெல்லாம் வேர் இந்தக் குருட்டுத்தனம்தான்.

1928-இல் ஆண்கள்மீது நேரடி வரி வந்தது. 1929 நவம்பரில் ஓலோகோ என்ற ஊரில், ஆணைப் பத்திரம் பெற்ற தலைவர் ஒக்கூகோ அனுப்பிய ஆள் வீடுவீடாகக் கணக்கெடுத்துக்கொண்டு வந்தான். நுவான்யெருவா என்ற பெண் அப்போது பனையெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். ஆடுகளையும் ஆட்களையும் எண்ணிச் சொல் என்றான். “உன்னைப் பெற்றவளை எண்ணினார்களா?” என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்று அவர் நினைத்தார். பனைப்பொருள்களின் விலை வேறு விழுந்துகொண்டிருந்த நேரம். இருவரும் கைகலந்தார்கள். அவர் நேரே பெண்கள் கூடியிருந்த இடத்துக்கு ஓடினார்.

அன்றே பனங்குருத்துகள் ஊர் ஊராகப் போயின. குருத்து வந்தால் கிளம்பி வா என்று பொருள். ஆயிரக்கணக்கான பெண்கள் தலையில் இலை சுற்றி, முகத்தில் கரி பூசி, கையில் குருத்து கட்டிய கோலோடு வந்து ஒக்கூகோவின் வாசலில் உட்கார்ந்தார்கள். அவர் பதவி போனது, சிறைக்கும் போனார். போராட்டம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. பல இடங்களில் ஆங்கிலேயர் நிறுவிய நீதிமன்றங்களை இடித்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். தங்கள்மேல் யாரும் சுடமாட்டார்கள் என்றே அந்தப் பெண்கள் நம்பினார்கள். இதை அறியாத்தனம் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். ஒருவன் மேல் உட்கார வந்த பெண்கள்மீது கை வைக்கக்கூடாது என்பது தலைமுறை தலைமுறையாக அவர்கள் கண்ட சட்டம். எதிரே துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்களுக்கு அது தெரியாது. டிசம்பரில் ஓபோபோவிலும் மற்ற ஊர்களிலும் சுட்டார்கள். 50-க்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள்.

அரசு இதற்கு, அந்தப் பகுதியிலுள்ள ஆபா நகரத்தை வைத்து, ‘ஆபா கலவரம்’ என்று பெயர் வைத்தது. அந்தப் பெண்கள் சொன்ன பெயர் ‘ஓகு உமுன்வான்யி’, பெண்களின் போர். கலவரம் என்றால் கட்டுக்கடங்காத கூட்டம் என்றாகிவிடுகிறது. இவர்களோ முறைப்படி கூடி, முறைப்படி செய்தி அனுப்பி, முறைப்படி உடுத்தி வந்தவர்கள். நான் பெண்களின் போர் என்றே சொல்வேன்.

விசாரணைக் குழு போட்டார்கள். 1930-களில் ஆணைப் பத்திரத் தலைவர் முறையை எடுத்துவிட்டார்கள். புதிய நீதிமன்றங்களில் ஒருசில இடங்களில் பெண்களும் உறுப்பினரானார்கள். ஆனால் தண்டிப்பது அரசின் வேலை, ஊரார் கையில் எடுக்கக்கூடாது என்றும் ஆக்கினார்கள். அதற்கப்புறம் பெண்டாட்டியை அடித்தவன் வாசலில் உலக்கையோடு போய் நிற்பது குற்றமானது.