மூச்சைப் பார்த்துச் சொல்லித்தருகிறேன்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

யோகாசனம் சொல்லித்தருவது என் தொழில். வகுப்பில் என் கண் முதலில் போவது மாணவரின் விலாவுக்கும் தொண்டைக்கும்தான். மூச்சு எப்படிப் போய்வருகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து கட்டைவிரலைப் பிடிக்க முயல்பவரைக் கவனியுங்கள். விரல் எட்டிவிடும், ஆனால் தாடை இறுகி, தோள்கள் காதருகே ஏறி, மூச்சு அப்படியே நின்றுபோயிருக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள் என்பேன். மடக்கியதும் முதுகு நீளும், வயிறு தொடையின் மேல் படியும், அடைபட்டிருந்த மூச்சு தானாக வெளியேறும். அந்த நொடியில் முகமே மாறிவிடும். இத்தனை காலம் கற்பித்த பிறகும், அந்த முகத்தைப் பார்ப்பது எனக்கு அலுக்கவில்லை.

என்னை இந்த வழிக்குக் கொண்டுவந்தது முதுகுவலி. பெரிய ஆசனங்களை எதிர்பார்த்துப் போனேன். என் ஆசிரியரோ மல்லாந்து படுக்கச் சொன்னார். மூச்சை இழுக்கும்போது கைகளைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும், விடும்போது திரும்பக் கொண்டுவர வேண்டும். பல வாரங்களுக்கு இதுதான் பாடம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மூச்சு தொடங்கிய பிறகே கை அசைய வேண்டும். கை நின்ற பிறகே மூச்சு முடிய வேண்டும். செய்து பாருங்கள், மனம் வேறெங்கும் போக இடமிருக்காது. வலி மெல்ல மெல்லக் குறைந்தது. என் உடம்பு என்னிடம் என்ன சொல்கிறது என்று கேட்கப் பழகியதும் அப்போதுதான்.

இந்த முறையின் வேர் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் இருக்கிறது. 1930களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்கு வேகமும் துள்ளலும் நிறைந்த ஆசனத் தொடர்களைக் கற்பித்தவர் அவர். 1950களில் சென்னைக்கு வந்த பிறகு நோயாளிகளும் வயதானவர்களும் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு அந்தத் துள்ளல் உதவுமா? ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, தனித்தனியாகப் பாடம் வகுத்தார். பெயர்பெற்ற யோக ஆசிரியர்களான பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், அவருடைய மகன் தேசிகாச்சார் மூவருமே கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றவர்கள். மூவரின் முறைகளும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. எது அசல் யோகம் என்று வாதிடுபவர்களைக் காணும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

பத்மாசனம் வரவில்லையே என்று கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். முயற்சி போதவில்லை என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருப்பார்கள். இது பெரிய அநியாயம். இடுப்பு மூட்டின் குழி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்த்து அமைந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குத் தொடை எலும்பு அந்த அளவுக்கு வெளிப்பக்கம் சுழலவே சுழலாது. அப்படிப்பட்டவர் பாதத்தை இழுத்துத் தொடைமேல் வைத்தால், இடுப்பில் நடக்க வேண்டிய முறுக்கல் முழங்காலுக்குப் போய்விடும். முழங்கால் பெரும்பாலும் மடங்கி நீள்வதற்கென்றே அமைந்த மூட்டு. அந்த முறுக்கலை அது தாங்காது. தசையைப் பயிற்சியால் நீட்டலாம், எலும்பின் அமைப்பை என்ன செய்வது? அவரை நாற்காலியில் உட்கார வைத்தே பிராணாயாமம் சொல்லித்தருகிறேன். யோகத்துக்கு மூல நூலான பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் உள்ள 190க்கும் மேற்பட்ட சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றியே பேசுபவை மூன்றுதான். நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார். காலை எங்கே வைப்பது என்று அவர் சொல்லவே இல்லை.

என் வகுப்பில் கண்ணாடி கிடையாது. கண்ணாடி இருந்தால் கண் உருவத்தின் பின்னால் போய்விடுகிறது, மூச்சு மறந்துபோகிறது. வகுப்பின் முடிவில் அசையாமல் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தையும் நான் ஒருபோதும் சுருக்குவதில்லை. நேரமாகிவிட்டது என்றால் அதற்கு முன்னால் ஓர் ஆசனத்தை விட்டுவிடுவேன்.

புதிதாக ஆசிரியரைத் தேடுபவர்கள், முதல் நாள் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். இரத்த அழுத்தம் உண்டா, கண் அழுத்த நோய் உண்டா, அறுவை சிகிச்சை ஏதும் நடந்ததா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, இரவில் தூக்கம் வருகிறதா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். இரத்த அழுத்தமோ கண் அழுத்தமோ கூடுதலாக உள்ளவருக்குச் சிரசாசனம் ஆபத்தானது. எதையும் கேட்காமல் உங்களைத் தலைகீழாக நிறுத்த முனைபவரிடம், தயங்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாய்ப்பளித்த வானொலிக்கு நன்றி. வணக்கம்.