திறப்பதற்காகக் கட்டிய கூண்டு

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அழிந்துவரும் காட்டு விலங்குகளை மனிதர்கள் அடைத்து வளர்க்கலாமா என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எங்கோ ஆப்பிரிக்காவில் நடக்கிற விஷயம் என்று நம் பக்கத்து மக்கள் இதை ஒதுக்க முடியாது. 2024 செப்டம்பரில் குன்றக்குடி சண்முகநாதர் கோவில் யானை சுப்புலட்சுமி, அது நின்றிருந்த கொட்டகையில் பிடித்த தீயில் வெந்து இறந்துபோனது. சுற்று வட்டாரமே அழுதது. பிள்ளையாகப் பார்த்து, பெரியவர்களாகி, தங்கள் பிள்ளைகளைத் தூக்கிவந்து அதே யானையிடம் ஆசி வாங்க வைத்தவர்கள் அழுதார்கள். அந்தக் கண்ணீரில் பொய்யில்லை.

அதற்கப்புறம் பலர் என்னிடம் கேட்டது, "அடுத்த யானை எப்போ வரும் டாக்டர்?" என்றுதான். வரக் கூடாது என்பது என் பதில். 2023-இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோவில்களோ தனியாரோ இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏன் கூடாது என்று நமக்கே விளங்க வேண்டும்.

சிறாவயல் மஞ்சுவிரட்டுத் தொழுவில் நிற்கிற காளைக்கு, மனிதனோடு ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்த பரம்பரை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நாம் பார்த்து இணை சேர்த்து, அதன் குணம் நம் வீட்டுக்கு ஏற்றபடி மாறியிருக்கிறது. யானைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. கோவில் வாசலில் நிற்கிற யானை காட்டில் பிடிபட்டதாக இருக்கும், அல்லது பிடிபட்டதன் மகளோ பேத்தியோவாக இருக்கும். அதன் உடம்பும் மனசும் இன்னும் காட்டு யானையுடையவைதான். கிழப் பெண் யானை முன்னே போக, அக்கா, தங்கை, குட்டிகளோடு நடந்துகொண்டே மேய்கிற உடம்பு அது. அதைத் தனியாகக் கொண்டுவந்து ஒரே இடத்தில் நிறுத்துகிறோம். ஆசிய யானை அழியும் ஆபத்தில் இருக்கும் இனம் என்பதையும், வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இருப்பது என்பதையும் திருவிழாக் கூட்டத்தில் யாரும் நினைப்பதில்லை.

யானையின் உள்ளங்காலை நேயர்களில் எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்? பார்வைக்குக் கல் மாதிரி இருக்கும். கையை வைத்து அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகும். உள்ளே கொழுப்பால் ஆன ஒரு மெத்தை இருக்கிறது. காலை ஊன்றும்போது விரியும், தூக்கும்போது சுருங்கும். மண்ணிலும் புல்லிலும் நடந்தால் பாதத்தோலும் நகமும் வளர்கிற அளவுக்குத் தேய்ந்துகொண்டே வரும். கருங்கல் தளத்தில், மூத்திர ஈரத்தில், நாள்பூரா நின்றால் தோல் ஊறி வெடிக்கிறது. நகத்தோரம் பிளந்து சீழ் பிடிக்கிறது. மருந்துத் தண்ணீரில் காலை ஊற வைப்போம், செத்த தோலைக் கத்தியால் சீவுவோம், களிம்பு பூசுவோம். மறுநாளும் அது அதே கல்லில்தான் நிற்கும். பாகனைக் குறை சொல்லி என்ன செய்வது? சொற்பச் சம்பளத்தில், யானை தூங்குகிற நேரத்தில்தான் தானும் தூங்குகிறவர் அவர்.

அப்புறம் அந்த ஆட்டம். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கும். "நாதஸ்வரத்துக்கு ஆடுது பாரு" என்று குழந்தைக்குக் காட்டுவார்கள். நாதஸ்வரக்காரர் வீட்டுக்குப் போன பிறகும் அது ஆடிக்கொண்டிருக்கும். நடக்கவும் வழியில்லாமல், பேச்சுத் துணைக்கு இன்னொரு யானையும் இல்லாமல் போனால் வருகிற கோளாறு இது. காட்டில் இதைப் பார்க்க முடியாது.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு யானையைப் பற்றிப் பேசினால் பர்மாவைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் பெரிய வீடுகளின் முகப்பில் நிற்கிற தேக்குத் தூண்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். கொண்டுவிற்கப் போன நம் முன்னோர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மரம் அது. பர்மாக் காட்டில் வெட்டிய மரத்தை ஓடை வரைக்கும் இழுத்து வந்தது யானை. மழைக்காலத்தில் ஓடை பெருகியதும் மரங்கள் மிதந்து ஆற்றுக்குப் போகும், ஆற்று வழியாக ரங்கூனுக்கு வரும். அந்த வேலைக்கான யானைகளைக் காட்டில் வளைத்துத்தான் பிடித்தார்கள். கூட்டத்தையே வேலிக்குள் விரட்டி அடைத்து, இளசுகளைப் பிரித்தெடுத்து, மரச்சட்டத்துக்குள் அசைய முடியாமல் கட்டி, பட்டினி போட்டு, அடித்துப் பழக்கினார்கள். பர்மா மரக்கூப்பு யானைகளுக்கு நல்ல பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்தவர்கள், காட்டில் பிடிபட்ட யானைகள் முகாமிலேயே பிறந்த யானைகளைவிடச் சில வருஷங்கள் முன்னதாகவே இறந்ததைக் கண்டிருக்கிறார்கள். பிடிபட்ட அதிர்ச்சி ஆயுசு முழுக்க உடம்பில் தங்கிவிடுகிறது.

அதே பதிவேட்டிலிருந்து இன்னொரு கணக்கும் வந்தது. 2008-இல் வெளியான ஆய்வு அது. ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலைகளில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் ஆயுளையும், பர்மாவில் மரம் இழுத்த பெண் யானைகளின் ஆயுளையும் ஒப்பிட்டார்கள். காட்சிசாலையில் நடுத்தர ஆயுள் சுமார் 19 வருஷம். மரம் இழுத்தவற்றுக்குச் சுமார் 42. டாக்டர் உண்டு, தீனி உண்டு, வேலை கிடையாது. அப்படி இருந்தும் பாதிகூட வரவில்லை. பர்மா யானைகள் ராத்திரியில் காட்டுக்குள் விடப்பட்டன. மற்ற யானைகளோடு சேர்ந்து மேய்ந்தன. வித்தியாசத்துக்கு அது ஒரு பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன். நம் வீட்டு நிலைக்கதவுக்கு மேலே கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் யானையைச் செதுக்கி வைத்திருக்கிறோம். அந்த மரத்தை இழுத்த யானையையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, அப்படியென்றால் எல்லாக் கூண்டையும் உடைத்துவிட வேண்டுமா? அப்படி நான் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் கழுகு, அதாவது செத்த மாட்டைத் தின்கிற பாறுக் கழுகு.

என் தொழிலோடு நேராகச் சம்பந்தப்பட்ட கதை இது. மாட்டுக்குக் காய்ச்சல், வீக்கம், வலி என்றால் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது நாடு முழுக்க வழக்கமாக இருந்தது. விலை மலிவு, வலி சட்டென்று குறையும். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துவிட்டால் மருந்து அதன் உடம்பிலேயே இருக்கும். அந்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து செத்துப்போகும். 1990-களில் தொடங்கி பதினைந்தே வருஷத்தில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99-க்கு மேல் இல்லாமல் போனது. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-இல் உறுதியானது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

அரியானாவில் பிஞ்சோர் என்ற ஊரில், மிஞ்சியிருந்த பாறுகளில் சிலவற்றைப் பிடித்துப் பெரிய வலைக்கூடாரங்களில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அந்த முட்டையை எடுத்துப் பொரிப்பானில் வைத்தால், அந்த ஜோடி இன்னொரு முட்டை இடும். அப்படித்தான் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 2020-இல் அங்கிருந்து வெண்முதுகுப் பாறுகளை வெளியே பறக்கவிடத் தொடங்கினார்கள்.

இந்தக் கூண்டை நான் ஆதரிக்கிறேன். ஏனென்றால் உள்ளே முட்டை பொரித்துக்கொண்டிருந்த வருஷங்களில் வெளியிலும் வேலை நடந்தது. பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்து மாட்டு மருத்துவத்துக்கு வந்தது. மனிதருக்கான பெரிய டைக்ளோஃபெனாக் குப்பிகள் மாட்டுக்குப் போகாமல் இருக்க, 2015-இல் 3 மில்லி குப்பியாக மட்டுமே தயாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாறுகளுக்கு விஷமான வேறு வலி மருந்துகள் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. நீலகிரிச் சாரலில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் பறக்கின்றன என்றால் இதெல்லாம்தான் காப்பாற்றியது. மாடு வைத்திருக்கிற நேயர்கள் ஒன்று செய்யலாம். மாட்டுக்கு வலி மருந்து எழுதும்போது, "மெலாக்சிகாம் போதுமா டாக்டர்?" என்று கேளுங்கள். உங்கள் உரிமை அது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா காண்டர் என்றொரு கழுகு. 1987-இல் காட்டில் மிஞ்சிய கடைசிப் பறவையையும் பிடித்து அடைத்தார்கள். அப்போது உலகத்திலேயே மொத்தம் 27 தான் இருந்தன. கௌரவமாகச் சாக விடுங்கள் என்று எதிர்த்தவர்கள் நல்ல மனசோடுதான் எதிர்த்தார்கள். இன்று 500-க்கு மேல் இருக்கின்றன, பாதிக்கு மேல் வெளியே பறக்கின்றன. ஆனால் வேட்டைக்காரர்களின் ஈயக்குண்டு பட்ட இறைச்சியைத் தின்று அவை இன்னமும் சாகின்றன. வெளியே இருக்கிற விஷத்தை எடுக்காத வரைக்கும் கூண்டின் வேலை முடிவதில்லை.

அழியும் நிலையில் இருக்கிற கானமயில் என்ற நம் புல்வெளிப் பறவைக்கு நடப்பதும் இதுதான். ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் அடைத்து வளர்த்துக் குஞ்சு பொரிக்கிறார்கள். அக்கறையாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பாலைப் புல்வெளிக்கு மேலே உயரழுத்த மின்கம்பிகள் போகின்றன. முன்னால் இருப்பது சரியாகத் தெரியாத, கனத்த பறவை அது; கம்பியில் மோதிச் சாகிறது. குஞ்சு வளர்ந்தால் எங்கே கொண்டுபோய் விடுவது?

எந்தக் கூண்டைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த விலங்கோ இதன் பிள்ளையோ எந்தக் காட்டுக்குத் திரும்பப் போகிறது? பதில் சொல்ல முடியாத கூண்டுக்கு இனப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கக் கூடாது. வெள்ளைப் புலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தனி இனமே இல்லை. 1951-இல் ரேவாவில் பிடித்த மோகன் என்ற ஒரு குட்டியை வளர்த்து, அதன் மகளோடேயே சேர்த்து உண்டாக்கிய வம்சம் அது. நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்ததால் மாறுகண்ணும் வேறு குறைகளும் வந்தன. எந்தக் காட்டுக்கும் அவை போகப்போவதில்லை. கூட்டம் சேர்க்கத்தான் வளர்க்கிறார்கள்.

வண்டலூர் போன்ற பூங்காக்கள் வேண்டாமா என்றால், வேண்டும். ஊருக்குள் வந்து காயம்பட்ட சிறுத்தையை, கடத்தல்காரர்களிடம் பிடித்த ஆமையை வேறு எங்கே வைப்பது? சிங்கவால் குரங்கின் வம்சத்தைக் காப்பதும் நல்ல வேலை. ஆனால் பிள்ளைகள் விலங்குகளைப் பற்றி அறிந்துகொள்ளக் கூண்டு வேண்டும் என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தூங்கும் புலியை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போகிற பிள்ளை, புலியைப் பற்றி எதைக் கற்றிருக்கும்?

இப்போது கோவில்களில் நிற்கிற யானைகளை என்ன செய்வது? காட்டில் கொண்டுபோய் விட முடியாது. பல வருஷம் கவளம் வாங்கித் தின்ற யானைக்குத் தேடித் தின்னத் தெரியாது. காட்டுக் கூட்டமும் சேர்த்துக்கொள்வது அரிது. ஆகவே ஆயுசு முடிகிற வரைக்கும் அவை நம் பொறுப்பு. மண் தரை வேண்டும். தீப்பிடிக்காத கூரை வேண்டும். அவசரத்துக்கு நொடியில் கழற்றக்கூடிய சங்கிலி வேண்டும். ராத்திரியில் விழித்திருக்க இரண்டாவது ஆள் வேண்டும். வயசான, நோய்வாய்ப்பட்ட யானைகளுக்குத் திருச்சி எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே மற்ற யானைகளின் துணையும் கிடைக்கும். யானையே இல்லாமல் திருவிழா எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திருச்சூர் மாவட்டத்தில் ஒரு கோவில் 2023-இல் இயந்திர யானையின் மேல் சாமியை எழுந்தருளச் செய்தது. யானை வாங்கித் தர நேர்ந்துகொண்ட வசதியுள்ள அன்பர்கள், அதே பணத்தை இருக்கிற யானைகளின் தரைக்கும் கூரைக்கும் பாகனின் சம்பளத்துக்கும் கொடுத்தால் முருகன் கோபிக்க மாட்டான்.

நம் ஜில்லாவிலேயே, திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். 1977-இல் அறிவித்த வேட்டங்குடி சரணாலயத்தின் கண்மாய்கள் அங்கேதான் இருக்கின்றன. மழைக்குப் பிறகு நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் வக்காவும் கருவேல மரத்தில் கூடு கட்டும். அந்த ஊர் ஜனங்கள் ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கல்யாணத்துக்கும் போடுவதில்லை. யாரும் வேலி போட்டு எதையும் அடைக்கவில்லை. பறவை தானாக வருகிறது, குஞ்சு பறந்ததும் போய்விடுகிறது, அடுத்த வருஷம் திரும்ப வருகிறது. பட்டாசுக்கு ஏங்கும் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துகிற ஒவ்வொரு அம்மாவும் அங்கே செய்வது பெரிய வேலை.

கடைசியாக, வீட்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளி அழியும் இனம் இல்லைதான். ஆனாலும் நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். இதைக் கேட்டுவிட்டு இன்றைக்கே கூண்டைத் திறந்துவிடாதீர்கள். சிறகு வெட்டிய கிளியைப் பூனை பிடித்துவிடும், காகம் கொத்திவிடும். வனத்துறை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். சிறகு முளைக்கிற வரைக்கும் வைத்திருந்து, கிளிக் கூட்டம் இருக்கிற இடமாகப் பார்த்து விடுவார்கள். வணக்கம்.