நெடுமொழி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவர் தன்னைத் தானே புகழ்ந்து பேசினால், அதைச் சொல்ல இன்று நம்மிடம் உள்ளவை தற்பெருமை, பீற்றல், சவடால், ஜம்பம் போன்ற சொற்கள்தான். எல்லாமே இகழ்ச்சிச் சொற்கள். பழந்தமிழில் 'நெடுமொழி' என்று ஒரு சொல் இருந்தது. அதில் இகழ்ச்சி கிடையாது. அந்தச் சொல் நம் பேச்சிலிருந்து போய்விட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நெடுமை என்பதற்கு நீளம், உயரம், பெருமை என்று பொருள் விரியும். நெடியோன், நெடுந்தகை என்று சொல்கிறோமே, அதே 'நெடு'தான் இங்கும் வருகிறது. நெடுமொழி என்றால் நீட்டி முழக்குவது என்று எண்ணிவிடக் கூடாது. தன் மேம்பாட்டை எடுத்துரைக்கும் சொல் அது.

தொல்காப்பியம் 'தலைத்தாள் நெடுமொழி தன்னொடு புணர்த்தல்' என்று, போர் முதலியவற்றைப் பேசும் புறத்திணையில் இதற்கு இடம் தருகிறது. புறத்திணைக்கான இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலையில் இது இரண்டு இடங்களில் வருகிறது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதைச் சொல்லும் கரந்தைப் படலத்தில் வீரன் தன் சிறப்பைத் தன் அரசனிடம் சொல்கிறான். பகைநாட்டின்மேல் படையெடுப்பதைச் சொல்லும் வஞ்சிப் படலத்திலோ பகைவர் படையை நெருங்கி நின்று தன் ஆண்மையைச் சொல்கிறான். கேட்பவர்கள் கையில் ஆயுதத்தோடு எதிரே நிற்கிறார்கள். சொன்னது வெறும் பேச்சா இல்லையா என்பது அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும். சோதனைக்கு நிற்கத் துணிந்தவனின் பேச்சு என்பதால்தான் இலக்கணம் இதை மதித்தது என்று நினைக்கிறேன்.

வள்ளுவரைப் பாருங்கள். 'வியவற்க எஞ்ஞான்றும் தன்னை' என்று கண்டித்தவர் அவர். அவரே படைச்செருக்கு என்று ஓர் அதிகாரம் வைத்து, அதன் முதல் குறளில் ஒரு வீரனைப் பேச விடுகிறார்: 'என்னைமுன் நில்லன்மின் தெவ்விர் பலரென்னை முன்நின்று கல்நின் றவர்.' பகைவர்களே, என் தலைவன் முன் நிற்காதீர்கள். அப்படி நின்ற பலர் இன்று நடுகல்லாக நிற்கிறார்கள் என்கிறான். இதில் 'என்னை' என்பது என் ஐ, அதாவது என் தலைவன். வீரன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, ஆனால் அவன் செருக்கு முழுவதும் நமக்குத் தெரிகிறது!

இதற்கு மிக நெருங்கியது வஞ்சினம், அதாவது சபதம். புறநானூற்றின் 72ஆம் பாட்டில், தன்னை 'இளையன்' என்று இகழ்ந்த வேந்தர்கள்மேல் பாண்டியன் நெடுஞ்செழியன் சினந்து பேசுகிறான். அவர்களை வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். தன் பெயரையே பணயம் வைக்கிறான். அப்புறம் தலையாலங்கானத்தில் வென்றும் காட்டினான்.

போர்க்களத்து வழக்கம் புலவர்களுக்கும் வந்தது. 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூலில் பவணந்தி முனிவர், எத்தனை நூல் செய்தவனானாலும் தன்னைப் புகழ்வது தகுதியன்று என்று முதலில் சொல்லிவிட்டு, அடுத்த சூத்திரத்தில் நான்கு இடங்களில் மட்டும் அனுமதி தருகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுதில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கிலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம்: 'தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே.'

நன்றி, வணக்கம்.