நூறு கை விஷ்ணு: ஒரு யூத வெறுப்புப் பொய்யின் பூர்வீகம்

அவையோருக்கு வணக்கம்.

இங்கே இருக்கும் இளைஞர்களில் பலருக்கு 'இலுமினாட்டி' யூடியூபில்தான் அறிமுகமாகியிருக்கும். 13 குடும்பங்கள் உலகத்தை ஆள்கின்றன, வங்கியும் போரும் நோயும் அவர்கள் கையில், தலைமைக் குடும்பம் ராத்ஸ்சைல்ட் என்ற யூத வங்கிக் குடும்பம் என்று மணிக்கணக்கில் பேசும் காணொளிகள் தமிழிலேயே உண்டு. சிலர் நம்பினார்கள், பலர் மீம் போட்டுச் சிரித்தார்கள். அந்தக் கதையில் இருக்கும் முக்கோணத்தையும் ஒற்றைக் கண்ணையும் கழற்றிப் பாருங்கள். 'யூதர்கள் மறைவில் இருந்து உலகை ஆட்டுவிக்கிறார்கள்' என்ற பழைய ஐரோப்பியப் பொய்தான் மிஞ்சும். அது தானாக முளைத்ததல்ல. ஆட்கள் உட்கார்ந்து தயாரித்தது.

1864-இல் மோரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சு வழக்கறிஞர் ஒரு நையாண்டி நூல் எழுதினார். மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி. பேரரசரை நேரடியாகத் திட்ட முடியாது. அதனால் மாக்கியவெல்லி, மாண்டெஸ்கியூ என்று எப்போதோ இறந்துபோன இரண்டு அரசியல் சிந்தனையாளர்கள் நரகத்தில் உரையாடுவதாக எழுதினார். மக்களை ஏமாற்றுவது எப்படி, பத்திரிகைகளைக் கைக்குள் போடுவது எப்படி என்று மாக்கியவெல்லி விளக்குவார். வாசிப்பவர்களுக்கு அது பேரரசர்தான் என்று புரிந்துவிடும். போலீசுக்கும் புரிந்துவிட்டது. ஜோலிக்கு 15 மாதம் சிறை. அந்த நூலில் உலகை ஆளச் சதி செய்யும் யூதர் ஒருவர்கூட இல்லை.

இப்போது 1903-க்கு வாருங்கள். ஏப்ரலில் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்கள் மீது கொலைவெறித் தாக்குதல். ஒரு சிறுவனை யூதர்கள் ரத்தத்துக்காகக் கொன்றார்கள் என்ற வதந்தியை உள்ளூர்ப் பத்திரிகை ஊதிவிட்டது. உண்மையில் கொன்றது சிறுவனின் உறவினரே. 49 யூதர்கள் இறந்தார்கள். ஊதிய பத்திரிகைக்காரர் பெயர் பாவெல் குருஷெவான். சில மாதங்கள் கழித்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தான் நடத்திய 'ஸ்நாம்யா' நாளிதழில் அதே மனிதர் ஒரு தொடர் வெளியிட்டார். யூதத் தலைவர்கள் ரகசியமாகக் கூடி உலகைப் பிடிக்கத் திட்டம் தீட்டியதன் பதிவாம். 'சீயோன் மூப்பர்களின் நடவடிக்கைக் குறிப்புகள்' என்று பிற்பாடு உலகமே அறிந்த ஆவணம் அதுதான்.

அதில் ஒரு வரி நமக்கென்றே எழுதியது போல இருக்கும். யூத மூப்பர், தங்கள் பத்திரிகைகள் இந்திய தெய்வமான விஷ்ணுவைப் போல நூறு கைகளோடு இருக்கும் என்கிறார். நம் பெருமாளுக்கு நான்கு கை. விசுவரூபம் என்றால் ஆயிரம். நூறு எங்கிருந்து வந்தது? ஜோலியின் மாக்கியவெல்லி தன் பத்திரிகைகளைப் பற்றி அப்படித்தான் பேசுகிறார்: விஷ்ணுவைப் போல நூறு கைகள். திருடியவர் உவமையைக்கூட மாற்றவில்லை. பேரரசரைக் கிண்டல் செய்த வாக்கியங்களைப் பக்கம் பக்கமாக எடுத்து, பேசுகிற ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பரீட்சையில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுகிறவன் அவன் செய்த தப்பையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொள்வதைப் போலத்தான் இது.

இதை வெளியே கொண்டுவந்தவர் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) நிருபர் பிலிப் கிரேவ்ஸ். ரஷ்ய அகதி ஒருவர் கொடுத்த, தலைப்புப் பக்கம் கிழிந்த பழைய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. அது ஜோலியின் நூல். அதையும் 'குறிப்புகளையும்' அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். 1921 ஆகஸ்டில் கட்டுரைகள் வெளிவந்தன. 1920 மே மாதம் 'இது உண்மையாக இருக்குமோ' என்று வாசகர்களைப் பயமுறுத்தியதும் இதே 'டைம்ஸ்'தான். தான் கிளப்பியதைத் தானே உடைத்ததற்காக அதற்கு ஒரு மதிப்பெண் போடலாம்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அமெரிக்காவில் கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டு, தன் பத்திரிகையில் இதை வைத்துத் தொடர் நடத்திக்கொண்டிருந்தார். உண்மையா என்று கேட்டதற்கு, இப்போது நடப்பதோடு பொருந்துகிறது என்றார். அவதூறு வழக்கு கழுத்தைப் பிடித்த பிறகுதான் 1927-இல் மன்னிப்புக் கேட்டார். ஹிட்லர் இன்னொரு படி மேலே போனார். 'போலி என்று ஒரு ஜெர்மன் பத்திரிகை ஓயாமல் புலம்புகிறதே, அதுவே இது அசல் என்பதற்குச் சிறந்த சான்று' என்ற தொனியில் எழுதி வைத்தார்.

மறுப்பையே சான்றாக்கிவிடும் கதையோடு எப்படி வாதாடுவது? பொய் என்று நிரூபித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் கொள்ளைநோய்க் காலத்தைப் பார்க்க வேண்டும். 1348-இல் ஐரோப்பா கொத்துக் கொத்தாகச் செத்தது. கிணறுகளில் யூதர்கள் விஷம் கலந்தார்கள் என்று பேச்சு. சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்களை நகரம் நகரமாக அனுப்பினார்கள். அந்தக் காலத்து ஃபார்வர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். போப் ஆறாம் கிளமெண்ட் மறுத்தார். யூதர்களும் இதே நோயில் சாகிறார்களே, யூதர்களே இல்லாத ஊரிலும் நோய் இருக்கிறதே என்று அவர் கேட்டார். இதைவிடத் தெளிவாக இன்றைக்கும் கேட்க முடியாது. ஆனாலும் 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்கில் யூதர்களை உயிரோடு எரித்தார்கள். யூதர்களைக் காக்க நினைத்த நகர மன்றத்தைச் சில நாள்களுக்கு முன்புதான் கைவினைச் சங்கங்கள் கவிழ்த்திருந்தன. எரித்து முடித்ததும் யூதர்களுக்குத் தர வேண்டியிருந்த கடன்களும் ரத்தாயின.

அந்தக் கடனுக்கும் ஒரு முன்கதை உண்டு. வட்டி வாங்குவது கிறிஸ்தவர்களுக்குப் பாவம் என்றது திருச்சபை. பெரும்பாலான தொழில் சங்கங்கள் யூதர்களைச் சேர்க்கவில்லை, பல ஊர்களில் நிலம் வாங்கவும் விடவில்லை. வட்டித் தொழிலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, 'பார், பணத்தாசை பிடித்தவர்கள்' என்றார்கள். அந்த முத்திரைதான் ராத்ஸ்சைல்ட் வரைக்கும் வந்து சேர்ந்தது.

இலுமினாட்டி என்பதும் முதலில் யூதர் கதை இல்லை. 1776-இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய சின்ன ரகசியச் சங்கம் அது. பத்தாண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை, அரசு தடைசெய்துவிட்டது. பிரெஞ்சுப் புரட்சியையே அவர்கள்தான் நடத்தினார்கள் என்று 1797-இல் பாருயெல் என்ற பாதிரியார் எழுதினார். ராஜாவின் தலை போனதற்கு ரொட்டி விலையும் வரியும் காரணம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. யூதர்கள் இந்தக் கதைக்குள் அதற்குப் பிறகுதான் நுழைக்கப்பட்டார்கள்.

சரி, என்ன செய்வது? மேடை போட்டு இவர்களோடு 'விவாதம்' நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹிட்லர் ஆட்சியில் நடந்த யூதப் படுகொலையை மறுத்த டேவிட் இர்விங், தன்னை அப்படி அழைத்த வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது லண்டனில் வழக்குப் போட்டார். லிப்ஸ்டாட் தரப்பு, உயிர் தப்பியவர்களைக் கூண்டில் ஏற்றி அழவைக்கவில்லை. ரிச்சர்ட் எவன்ஸ் என்ற வரலாற்றாசிரியரும் உதவியாளர்களும் இர்விங்கின் அடிக்குறிப்புகளை மூல ஆவணங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். பிழைகள் எல்லாம் ஹிட்லருக்குச் சாதகமாகவே சாய்ந்திருந்தன. 2000-இல் இர்விங் தோற்றார். கிரேவ்ஸ் செய்ததும் இதே வேலைதான்: இந்த வரி இதற்கு முன் எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தார்.

வீட்டில் இதைச் சின்ன அளவில் செய்யலாம். குடும்பக் குழுவில் சித்தப்பா ஒரு ஃபார்வர்டு அனுப்பினால், எல்லோர் முன்னாலும் நீளமாக மறுப்பு எழுதாதீர்கள். அவர் கௌரவத்துக்காகவே அதைக் கட்டிக்கொண்டு அழுவார். தனியாகக் கூப்பிட்டு, 'முதலில் எழுதினது யாரு சித்தப்பா?' என்று கேளுங்கள். அவர் வங்கி வட்டியால் நொந்திருக்கலாம். அந்த நோவு நிஜம். வட்டியைத் தீர்மானிப்பது யார், எந்தச் சட்டப்படி என்று அவரோடு பேசுங்கள்.

காஸாவைப் பற்றிக் கேட்பீர்கள், தெரியும். இஸ்ரேல் அரசின் குண்டுவீச்சையும் குடியேற்றங்களையும் எவ்வளவு கடுமையாகவும் கண்டிக்கலாம். இஸ்ரேலிலேயே யூதர்கள் தெருவில் இறங்கிக் கண்டிக்கிறார்கள். அதற்குக் குருஷெவானின் சரக்கு தேவையில்லை. 1988-இல் ஹமாஸ் தன் சாசனத்தின் 32-ஆவது பிரிவில் இந்தப் போலிக் குறிப்புகளைச் சான்றாகக் காட்டியது. நிலம் இழந்த பாலஸ்தீனர்களின் வழக்குக்கு நிஜமான பத்திரங்களும் வரைபடங்களும் சாட்சிகளும் இருந்தன. அங்கே கொண்டுபோய் ஜார் காலத்துப் போலியை வைத்தது அந்த மக்களுக்கே செய்த கெடுதல் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்விகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வாட்டர்லூ போரை வைத்து ராத்ஸ்சைல்ட் பணம் குவித்தார் என்ற கதையைப் பற்றிக் கேட்க யாரோ ஏற்கெனவே கை தூக்கிவிட்டார்கள் போல, அவரிடமிருந்தே தொடங்கலாம்.