மஞ்சள் அம்புகளின் மலை

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்கும், இயேசுவின் சீடரான திருத்தூதர் யாக்கோபின் கல்லறை, ஸ்பெயினின் வடமேற்கில் சந்தியாகோ நகரத்தில் இருப்பதாக நம்பிக்கை. பிரான்சிலிருந்து அங்கே யாத்திரையாக நடந்து வருகிறவர்கள், அந்நகரம் இருக்கும் கலீசியா பகுதிக்குள் நுழையும் இடத்தில் ஒரு மலை குறுக்கே நிற்கும். சுமார் 1300 மீட்டர் உயரத்தில் ஓ செப்ரெய்ரோ என்ற சிற்றூர். அதன் நடுவே சாந்தா மரியா ஆலயம்.

பெரிய கோபுரம் எதுவும் அங்கே கிடையாது. தடித்த கல்சுவர், கட்டையான மணிக்கூண்டு, அருகில் வைக்கோல் வேய்ந்த வட்ட வீடுகள். எனக்கு அந்த அடக்கம்தான் பிடிக்கிறது. பனிக்காற்றில் தடுமாறி வருகிறவருக்கு இடம் கொடுக்கவே கட்டிய கோயில் அது. 1072இல் மன்னர் ஆறாம் அல்போன்சோ இங்கிருந்த பயணியர் விடுதியைப் பிரான்சின் ஆரியாக் மடத்துத் துறவிகளிடம் ஒப்படைத்தார். மூடுபனி நாட்களில் வழி தெரிய ஆலய மணியை அடிப்பார்களாம்.

இங்கே வழங்கும் கதை 1300ஆம் ஆண்டையொட்டியது. பனிப்புயலில் ஒரு குடியானவர் திருப்பலிக்கு ஏறி வந்தார். துண்டு அப்பத்துக்கும் சொட்டு திராட்சை இரசத்துக்கும் இவ்வளவு பாடா என்று குருவானவர் மனத்துக்குள் இகழ்ந்தார். அப்பம் தசையாகவும் இரசம் இரத்தமாகவும் மாறின என்கிறது மரபு. அந்த இரசம் இருந்த கிண்ணத்தை இன்றும் ஆலயத்தில் பார்க்கலாம்.

காலப்போக்கில் இங்கிருந்த துறவிகளின் மடம் மூடப்பட்டது, யாத்திரிகர் வரவும் அற்றுப்போனது. 1959இல் பங்குத்தந்தையாக வந்தவர் எலியாஸ் வலீன்யா. ஆலயத்தைச் சீரமைத்தார், அத்தோடு நிற்கவில்லை. வருகிறவர் இல்லாத கோயிலைப் புதுப்பித்து என்ன பயன்? பழைய யாத்திரைப் பாதையைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 1984இல் தம் சிட்ரோயன் காரில் மஞ்சள் பெயிண்ட்டை ஏற்றிக்கொண்டு, பிரான்ஸ் எல்லையிலுள்ள பைரனீஸ் மலைத்தொடரிலிருந்து சந்தியாகோ வரை மரத்திலும் பாறையிலும் சுவரிலும் அம்புக்குறி வரைந்தார். ஒரு கிராமத்துப் பாதிரியாரின் இந்த வேலைக்கு இணையாக எந்த அரசுத் திட்டத்தையும் என்னால் சொல்ல முடியவில்லை.

1987இல் ஐரோப்பிய மன்றம் இந்த யாத்திரைப் பாதையைத் தன் முதல் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. தந்தை வலீன்யா 1989இல் காலமானார். 1993இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் பாதை இடம்பெற்றது. இன்று ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பல வழிகளில் சந்தியாகோ சேர்ந்து யாத்திரைச் சான்றிதழ் பெறுகிறார்கள். வழிகாட்டுவது அதே மஞ்சள் அம்புதான்.

ஓ செப்ரெய்ரோவுக்குக் கார் போகும். ஆனாலும் அடிவாரத்து லாஸ் எர்ரெரியாஸ் கிராமத்தில் இறங்கி, மீதியுள்ள எட்டு கிலோமீட்டர் அளவான ஏற்றத்தை நடந்தே ஏறுங்கள்.