தோட்டத்துக்கு ஒரு வலைப்பூ

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்தும் அதைப் போன்ற தோட்டப்புற ஊர்களிலிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு, ஓய்வு நேரத்தில் சொந்தமாக ஒரு வலைப்பூ நடத்துவது எப்படி என்று இன்று சொல்லப் போகிறேன்.

முகநூலும் புலனமும் இருக்கும்போது வலைப்பூ எதற்கு என்று கேட்பீர்கள். முகநூலில் போன மாதம் போட்டதை இந்த மாதம் தேடி எடுப்பதே பெரும்பாடு. புலனக் குழுவில் வந்த படம், கைப்பேசியை மாற்றினால் பல வீடுகளில் அத்தோடு போயிற்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இடிபட்டன, தோட்டப் பள்ளிகள் பல இடம் மாறின. காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக்களம் எங்கே இருந்தது, ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது யார் என்பதெல்லாம் இன்று சில பெரியவர்களின் நினைவில் மட்டும்தான். அதை எழுதிவைப்பது மட்டும் போதாது. பேரப்பிள்ளை ஒருவர் தோட்டத்தின் பெயரைத் தட்டித் தேடினால் கிடைக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்தும் அங்கேயே இருக்க வேண்டும். நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

இடம் பிடிப்பது எளிது. கூகுளின் பிளாகர் இலவசம். 1999இல் தொடங்கிய சேவை, 2003இல் கூகுள் வாங்கியது. வேர்ட்பிரஸ் அழகாக இருக்கும், வசதியும் அதிகம். ஆனால் அதைச் சொந்தமாக நிறுவி நடத்தினால் ஆண்டுதோறும் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டும்; கூடுதல் வசதிக்காக அதில் சேர்க்கும் செருகுநிரல்களைப் புதுப்பிக்காமல் விட்டால் திருட்டு நிரல் புகுந்துவிடும். பொழுதுபோக்காக எழுதுகிறவருக்குப் பிளாகர் போதும்.

முகவரி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். டாட் காம் பெயர் ஆண்டுக்கு ஐம்பது, அறுபது ரிங்கிட் அளவில் கிடைக்கும். அதைப் பிளாகரில் கட்டணம் இல்லாமல் இணைக்கலாம். நாளைக்கு வேறு சேவைக்கு மாறினாலும் முகவரி கூடவே வரும். இதில் வழக்கமாக வரும் கோளாறு ஒன்றுதான்: புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு யாரும் திறக்காத மின்னஞ்சலுக்குப் போகும், வங்கி அட்டையும் காலாவதியாகியிருக்கும். பெயர் கைவிட்டுப் போனால் சூதாட்டத் தளம் நடத்துகிறவர்கள் அதை எடுத்துக்கொள்வதுண்டு. உங்கள் தோட்டத்தின் பெயரைத் தட்டுகிறவர் அங்கே போய் நிற்பார். அதனால் இரண்டு மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள்; முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாகக் கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள்.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று: ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக அமையும் இணைப்பு முகவரி. தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால் பிளாகர் அதைப் படிக்காது. பிளாக் போஸ்ட் என்று ஒரு பெயரும் பக்கத்தில் எண்ணும் போட்டுவிடும். எந்தப் பதிவு எது என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெளியிடுவதற்கு முன்பே வலப்பக்க அமைப்பில் முகவரியை நீங்களே ஆங்கில எழுத்தில் கொடுங்கள்: தோட்டத்தின் பெயர், பொருள், ஆண்டு, இடையில் சிறு கோடு. வெளியிட்ட பின் மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் அறுந்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் அங்கே ஒன்பது எழுத்தாக விரியும். முகவரிக்கு மொத்த அளவு 200 எழுத்து. மாரியம்மன் கோயில் திருவிழா என்ற மூன்று சொல்லுக்கே இடம் பற்றாது, 'திருவி' என்பதோடு வெட்டுப்படும்.

எழுத்துகளுக்கு வருவோம். தட்டச்சுக்கு நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் கைப்பேசிக்கான செல்லினமும் இருக்கின்றன. எதில் தட்டினாலும் சரி, ஒன்றைக் கவனியுங்கள். கௌரி என்ற பெயரில் வரும் ஔகாரக் குறியைச் சிலர் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். தேடுபொறிக்கு அது வேறு சொல். ஔவையாரை ஒகரமும் ளகரமுமாகத் தட்டினாலும் இதே கதிதான். பழைய ஆண்டுவிழா மலர்களை டிஸ்கி, பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு கிடைத்தால் அப்படியே ஒட்டாதீர்கள், புரியாத குறிகளாகத்தான் வரும். இன்று எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு, மாறி வந்ததை வரிவரியாகப் படித்துச் சரிபாருங்கள். குரல்வழித் தட்டச்சில் தமிழ், மலேசியா என்று தேர்ந்தெடுக்கலாம். வேகம் கிடைக்கும், ஆனால் ஒட்டுப்பால், மங்கு, கிராணி, தண்டல் போன்ற தோட்டச் சொற்களை ஒரு முறைக்கு இரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும்: கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர், மலாய்ப் பெயர், தொழிலாளர்கள் தமிழில் கூப்பிட்ட பெயர். முதல் பத்தியிலேயே எல்லாவற்றையும் ஒருமுறை எழுதிவிடுங்கள். யார் எந்தப் பெயரைத் தட்டுவார் என்று நமக்குத் தெரியாது.

எதை எழுதுவது? 'எங்கள் தோட்டத்தின் வரலாறு' என்று தொடங்காதீர்கள். வலைப்பூ நின்றுபோவதற்கு அந்தத் தலைப்பே காரணமாகிவிடும். எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் மலைப்பாக இருக்கும். ஒரு பதிவுக்கு ஒரே பொருள், நானூறு முதல் எழுநூறு சொல். பால் வெட்டுவது பெரிய பொருள். மழை பெய்த காலையில் என்ன செய்தார்கள் என்பது ஒரு பதிவுக்குச் சரியான பொருள். பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரத்தோடு வழியும், பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் சேரும், அன்றைய வெட்டு நிற்கும். சம்பளம் என்னவாயிற்று, அன்று வேறு என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். விடியுமுன் ஏன் வெட்டினார்கள் என்பது இன்னொரு பதிவு: குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். கடைக்காரர் கடன் எழுதிய 555 புத்தகம் வீட்டில் கிடந்தால் அதன் ஒரு பக்கமே ஒரு பதிவு: அரிசி என்ன விலை, அந்தக் கால எடைக் கணக்கில் மாதம் எத்தனை கட்டி.

பெரியவர்களிடம் ஆண்டு கேட்டால் சொல்வது அரிது. தெரிந்த நிகழ்ச்சியை ஒட்டிக் கேளுங்கள். ஜப்பான்காரன் காலம், சயாம் ரயில் போட ஆள் பிடித்துப் போனதற்கு முன்னா பின்னா. அவசரகாலம் தொடங்கக் காரணமான சுங்கை சிப்புட் கொலைகள், 1948 ஜூன் 16. மெர்டேக்கா, 1957. மே 13 கலவரம், 1969. துன் சம்பந்தன் மறைவு, 1979. இப்படி இரண்டு பக்கமும் நெருக்கினால் ஆண்டு இரண்டு மூன்றுக்குள் வந்துவிடும். சரியாகத் தெரியாவிட்டால் '1965 வாக்கில்' என்று எழுதுங்கள்; ஊகத்தை உறுதிபோல எழுதினால் அடுத்தவர் அதை எடுத்து வேறிடத்தில் எழுதுவார், பிழை பரவும். 'போன வாரம்', 'அண்மையில்' என்ற சொற்களை விட்டுவிட்டு நாள், மாதம், ஆண்டு போடுங்கள்.

பழைய புகைப்படத்தை ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 600 புள்ளி வையுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2400க்கு 3600 புள்ளியாக வரும். அது வீட்டில் இருக்க வேண்டிய மூலம். வலைப்பூவில் 1600 புள்ளி அகலத்துக்குக் குறைத்து ஏற்றினால் போதும், தோட்டப்புறத்தில் தொடர்பு மெதுவாக இருந்தாலும் திறக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்கள் உண்டு. பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஜன்னலோரம் வைத்து, பளிச்சொளியை அணைத்து, கைப்பேசிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக் கண்ணாடியோடு எடுங்கள், பிரதிபலிப்பு விழாது. விளக்கத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். தெரியாதவரை 'பெயர் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அடையாளம் கண்ட யாராவது ஒருவர் சொல்ல வருவார்.

அப்பாவின் அடையாள அட்டையைப் படம் போடும் ஆசை பலருக்கும் உண்டு. இன்றைய அட்டை எண் 12 இலக்கம், முதல் ஆறும் பிறந்த நாள். எண்ணையும் வீட்டு முகவரியையும் மங்கலாக்கினால் போதாது, கறுப்புக் கட்டம் போட்டு முழுக்க மூடிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் போடவே கூடாது.

பின்னூட்டங்களை நீங்கள் பார்த்த பிறகே வெளியாகும்படி அமைப்பில் வையுங்கள். சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு 2012 ஜூலை 31 முதல் நடப்பில் உள்ளது. உங்கள் பெயரில் நடக்கும் பக்கத்தில் வந்ததை நீங்களே வெளியிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது உங்கள் பாடு. வாசகர் பின்னூட்டங்களுக்காக மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. கோயில் கமிட்டிச் சண்டை உங்கள் பக்கத்தில் நடக்க இடம் கொடுக்காதீர்கள்.

இனி, நிலைத்திருப்பது. யாகூ நடத்திய ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது ஏராளமான தனியார் பக்கங்கள் போயின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வலைப்பூவின் பிரதியை இறக்கி வெளி வன்தட்டில் வையுங்கள். எழுத்து இருக்கும் கோப்பில் படங்களுக்கு இணைப்பு மட்டுமே இருக்கக்கூடும், அதனால் மூலப் படங்களைத் தனியாகச் சேமியுங்கள். முக்கியமான பதிவு வெளியானதும் அதன் முகவரியை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் கொடுத்தால் அங்கும் ஒரு பிரதி இருக்கும். இரண்டு ஆண்டு யாரும் நுழையாத கணக்கை நீக்கும் உரிமையைக் கூகுள் வைத்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

கடைசியாக, தொடங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று. குடும்பத்தில் இளையவர் ஒருவரை, மகளோ தம்பி மகனோ, இரண்டாவது நிர்வாகியாகச் சேருங்கள். பிளாகர் அமைப்பில் அனுமதிகள் என்ற பகுதிக்குப் போய் அவருடைய மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டதும் எழுத்தாளர் என்றுதான் இருக்கும். அதை நிர்வாகி என்று நீங்கள் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அவரால் எழுத முடியும், ஆனால் வலைப்பூவைக் காப்பாற்ற முடியாது. முகவரி வாங்கிய நிறுவனத்தின் கணக்கு விவரத்தையும் அவரிடமே கொடுத்துவையுங்கள்.

நன்றி, வணக்கம்.