அன்டெனாப் புத்தகம்: பலானிஸ் வாங்கலாமா?

வணக்கம். பின்னால் பஸ் ஹோர்ன் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோ எடுத்தால் இப்படித்தான். மூடினால் வியர்த்துக் கொட்டும்.

இன்றைக்குக் கதைக்கப் போவது இந்தத் தடித்த புத்தகத்தைப் பற்றி. கொன்ஸ்டன்டைன் பலானிஸ் எழுதிய 'அன்டெனா தியரி'. 1982இல் முதல் பதிப்பு வந்தது, என் கையில் இருப்பது 2016இல் வந்த நான்காம் பதிப்பு. 17 அத்தியாயம், ஆயிரம் பக்கத்துக்கு மேல். மொறட்டுவையில் இலத்திரனியல் படிக்கிற தம்பி தங்கச்சிமார் இதைப் பற்றிக் கேட்பது ஒரே கேள்விதான். அன்டெனா சிமுலேட்டர் மென்பொருளில் படத்தைக் கீறி ஓட விட்டால் விடை வருகிறது, பிறகு எதற்கு அண்ணா இவ்வளவு பெரிய புத்தகம்?

நியாயமான கேள்வி. ஆனால் பக்க எண்ணிக்கையையும் பொருளடக்கத்தையும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. எல்லாத் தலைப்பும் இருப்பது ஒரு பெருமையே இல்லை, அது அகராதிக்கும் உண்டு. நான் பார்ப்பது வேறு. அன்டெனாக் கணக்கில் எந்த ஆசிரியரும் ஓரிடத்தில் 'இது இப்படி என்று வைத்துக்கொள்வோம்' என்று சொல்லாமல் நகர முடியாது. அப்படிச் சொன்னதை அவர் பிறகு நிரூபிக்கிறாரா, இல்லை நாம் மறந்துவிடுவோம் என்று விட்டுவிடுகிறாரா? உயர்நிலைப் பாடநூலுக்கு என் உரைகல் அதுதான்.

அரை அலை டைபோலை, அதாவது அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கம்பி அன்டெனாவை எடுங்கள். நான்காம் அத்தியாயம். கம்பியில் ஓடும் மின்னோட்டம் சைன் வடிவில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து புலத்தைத் தொகையிட்டு, கதிர்வீச்சுத் தடை 73 ஓம் என்று கொண்டுவந்து நிறுத்துகிறார். திசைத்திறன் 1.64, டெசிபலில் 2.15. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் சைன் வடிவம் என்று யார் சொன்னது? அதோடு, உள்ளீட்டு மின்மறுப்பு 73 மட்டுமில்லை, கூடவே ஒரு j42.5 ஒட்டிக்கொண்டிருக்கிறது, கதிராக வெளியேறாமல் சக்தியைத் தேக்கித் திருப்பும் பகுதி அது. அது எங்கிருந்து வந்தது? நான்காம் அத்தியாயத்தில் அதற்கு முழுப் பதில் கிடையாது.

எட்டாம் அத்தியாயத்துக்குப் போங்கள். அங்கே மின்னோட்டத்தையே தெரியாத கணியமாக வைக்கிறார். பொக்லிங்டன் சமன்பாடு, ஹாலென் சமன்பாடு, அதை எண்முறையில் தீர்க்க மோமன்ட் முறை, அதாவது கம்பியைச் சின்னத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் மின்னோட்டத்தைக் கணிக்கும் வழி. அந்த 42.5 எப்படி வருகிறது என்பதும் அங்கேதான் விரிகிறது. நாலாவதில் வாங்கிய கடனை எட்டாவதில் வட்டியோடு கட்டுகிறார் என்று வையுங்கள். கம்பி தடித்தால் சைன் வடிவம் எவ்வளவு பிசகும் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். நிஜத்தில் டைபோலை அரை அலைநீளத்தை விடச் சற்றுக் குறைத்து, 0.47, 0.48 என்று வெட்டுகிறோமே, அந்த j பகுதியை ஒழிக்கத்தான். வாய்ப்பாடாக மனனம் செய்தவனுக்கு அது வெறும் வழக்கம், இந்த இரண்டு அத்தியாயத்தையும் சேர்த்துப் படித்தவனுக்குக் காரணம் தெரியும். நீங்கள் ஓட்டுகிற கம்பி அன்டெனா சிமுலேட்டர்களில் பலவற்றுக்குள்ளே இருப்பதும் இதே மோமன்ட் முறைதான் என்பதைக் கவனியுங்கள். சிமுலேட்டர் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்ற கேள்விக்கு எட்டாம் அத்தியாயமே பதில்.

இப்போது 14ஆம் அத்தியாயம், மைக்ரோஸ்ட்ரிப், அதாவது சுற்றுப் பலகைமேல் ஒட்டிய தட்டையான உலோகப் பட்டை அன்டெனா. இங்கேதான் எனக்கும் பலானிஸுக்கும் கொஞ்சம் உரசல்.

அவருடைய முதல் எடுத்துக்காட்டு 10 கிகாஹேர்ட்ஸில், டூரொய்ட் என்ற விலையுயர்ந்த பலகையில், மின்கடவா மாறிலி 2.2. பட்டையின் அகலம் 1.186 சென்டிமீட்டர், நீளம் 0.906 என்று முடிக்கிறார். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் போய் டூரொய்ட் கேளுங்கள் பார்ப்போம். கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எஃப்ஆர்4 என்ற சாதாரண சுற்றுப் பலகையைத்தான் எடுத்து நீட்டுவார். சரி, அதையே போடுவோம். மாறிலி 4.4, தடிப்பு 1.6 மில்லிமீட்டர், மீடிறன் 2.45 கிகாஹேர்ட்ஸ். அவர் படிமுறையை அப்படியே பின்பற்றினால் அகலம் 37.3, நீளம் 28.8 மில்லிமீட்டர். கையடக்கக் கணிப்பானே போதும், ஐந்து நிமிட வேலை. விளிம்பில் புலம் வெளியே பிதுங்குவதால் பட்டை மின்னியல் ரீதியாகப் ஒவ்வொரு முனையிலும் 0.74 மில்லிமீட்டர் நீண்டதுபோல் நடந்துகொள்ளும், அதைக் கழித்துத்தான் 28.8. இந்த இடத்தை அவர் விளக்குவது அருமை. படத்தைப் பார்த்தாலே போதும்.

உரசல் எங்கே என்றால், எஃப்ஆர்4இன் மாறிலி 4.4 என்பதே ஒரு பேச்சுக்குத்தான். ஆலைக்கு ஆலை மாறும். உங்கள் கையில் கிடைத்த பலகை 4.2 என்றால், அதே 28.8 மில்லிமீட்டர் பட்டை 2.45இல் அல்ல, 2.5ஐத் தாண்டி ஒத்திசையும். வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை 2.4835இல் முடிந்துவிடுகிறது. நம் உலோகப் பட்டை வேலை செய்யும் அலைவரிசை அகலமோ இரண்டு மூன்று சதவீதம்தான். ஆக, கணக்கில் ஒரு தவறும் இல்லாமலே அன்டெனா வேலை செய்யாமல் போகலாம். போதாததற்கு எஃப்ஆர்4இன் இழப்புக் கோணத் தாஞ்சன் 0.02 அளவில் இருப்பதால், ஊட்டிய சக்தியில் கணிசமான பங்கு பலகைக்குள்ளேயே சூடாகப் போய்விடும். இழப்புக்கான சூத்திரங்களும் அதே அத்தியாயத்தில் பின்னால் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் எடுத்துக்காட்டு அந்தப் பக்கம் போவதில்லை. தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் தரும் புத்தகம், அந்த இலக்கத்தில் எத்தனையை நம்பலாம் என்பதையும் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இது என் பெரிய குறை.

சின்னக் குறைகளும் உண்டு. ஒரே சூத்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றித் திரும்பத் திரும்ப எழுதுவார், பக்கம் நீளும். இணைந்த கணிதத்தில் காவியை (வெக்டர்) நன்றாகப் படித்துவிட்டு வந்தவர்களுக்கும் கோள ஆள்கூற்றில் முதல் சில அத்தியாயம் மூச்சு முட்டும்.

க்ராஸ் எழுதிய அன்டெனாப் புத்தகம் எப்படி என்று கேட்பவர்களுக்கு. ஜோன் க்ராஸ் சுருள் அன்டெனாவைக் கண்டுபிடித்தவர், 1946. சுருளை அன்டெனாவாகப் பயன்படுத்தலாமா என்று அவர் ஒரு விஞ்ஞானியிடம் கேட்க, நான் முயன்று பார்த்தேன், சரிவராது என்று பதில் வந்ததாம். அன்றைக்கே வீட்டு அடித்தளத்துக்குப் போய், சுற்றளவு ஓர் அலைநீளம் வருகிற மாதிரி ஒரு சுருளைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். அச்சுத் திசையில் கதிர் வீசியது. அப்படிப்பட்ட ஆளின் எழுத்தில் உலோகத்தை வளைத்துப் பார்த்த கையின் தைரியம் தெரியும். ஆனால் படிப்படியான நிறுவல் வேண்டும் என்றால் பலானிஸ்தான். க்ராஸை மாலையில் படிக்கலாம், பலானிஸுக்குப் பேனையும் கொப்பியும் வேண்டும்.

கடைசி அத்தியாயம் அளவீடு. பலர் தொடுவதேயில்லை, தொட வேண்டும். இதோ கமராவைத் திருப்புகிறேன், எதிர் மொட்டைமாடியில் தெரிகிற டிவி தட்டைப் பாருங்கள். விட்டம் 60 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 12 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 2.5 சென்டிமீட்டர். விட்டத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் 28.8 மீட்டர். அந்தச் சின்னத் தட்டின் கதிர்வீச்சுக் கோலத்தை ஒழுங்காக அளக்க, அனுப்பியை அவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும். இந்த ஒழுங்கையையே தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். குறைந்த இடத்துக்குள்ளேயே அளக்க உதவும் சுருக்க அளவீட்டுக் களம் ஏன் கட்டுகிறார்கள் என்பது அந்த ஒரு வகுத்தலிலேயே விளங்கிவிடும்.

தட்டு பற்றி இன்னொன்று. நமக்கு இந்த வானத்தில் செய்மதிகள் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே. கிழக்கு 83 பாகையில் இருப்பதைப் பிடிக்க 80 பாகைக்கும் மேலே பார்க்க வேண்டும். ஆனால் அந்தத் தட்டின் முகம் அவ்வளவு மேல்நோக்கியா இருக்கிறது? இல்லை. அது ஆஃப்செட் தட்டு, அலையை வாங்கும் ஊட்டி நடுவில் இல்லாததால் முகம் பார்க்கும் திசையும் கற்றையின் திசையும் வேறு. புத்தகத்தின் 15ஆம் அத்தியாயத்தில் பாரம் பெரும்பாலும் ஊட்டி நேர் முன்னால் நிற்கும் முன்னூட்டல் தட்டிலும் இரண்டு தெறிப்பிகள் வைத்த காசக்ரெயினிலும்தான். ஊரெல்லாம் கூரையில் இருப்பதற்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்.

வாங்குவதென்றால்: பட்டதாரி மட்டத்துக்கு 2005இல் வந்த மூன்றாம் பதிப்பே தாராளம். டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். நான்காம் பதிப்பு ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு. கூட வரும் மட்லாப் நிரல்களில் பலவற்றைக் கொஞ்சம் திருத்தி ஒக்டேவ் என்ற கணிப்பு மென்பொருளில் ஓட்டிவிடலாம், அது இலவசம். இரண்டாம் அத்தியாயத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் மற்றது என்று உட்காராதீர்கள், அங்கேயே பலர் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். நேரே நாலுக்குப் போங்கள், அப்புறம் எட்டு. தேவைப்படும்போது இரண்டுக்குத் திரும்பி வரலாம்.